போல்ட்டில் இரண்டு துளைகள்: பழைய ராணுவ ரைஃபிள்களின் வரலாறும் பாதுகாப்பும்

1898 மாடல் ஜெர்மானிய மவுசர் ரைஃபிளின் போல்ட்டை, அதாவது தோட்டா அறையைப் பின்னாலிருந்து பூட்டும் எஃகு உருளையைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தால், முன்பகுதியில் நீள்வட்டமாக இரண்டு துளைகள் தெரியும். முதல்முறை பார்ப்பவர்கள் எண்ணெய் விடுவதற்கான துளை என்று நினைப்பார்கள். அவை வாயு வெளியேறும் வழிகள். சுடும்போது தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் ஓட்டையாகிவிட்டால், ஆயிரக்கணக்கான பார் அழுத்தத்தில் இருக்கும் சூடான வாயு, பிரைமரைக் குத்தும் ஊசியான ஃபயரிங் பின் ஓடும் குழிக்குள் புகுந்து நேராகச் சுடுபவரின் முகத்துக்கு வரும். அதைப் பாதி வழியிலேயே பக்கவாட்டில் திருப்பிவிடத்தான் அந்த இரண்டு துளைகள். அதையும் மீறி வருவதை மறிக்க, போல்ட்டின் பின்புறம் ஓர் அகன்ற விளிம்பு. முன்னால் போல்ட்டைப் பூட்டும் புடைப்புகளான இரண்டு லக்குகளும் உடைந்துபோனால் தாங்கிக்கொள்ள, பின்னால் மூன்றாவதாக ஒரு லக்.

பழைய ராணுவ ரைஃபிள்களின் பாதுகாப்பைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் அவற்றின் வரலாற்றையும் சேர்த்தே பேச வேண்டியிருப்பது இதனால்தான். இந்த ஆயுதங்களில் உள்ள பல துளைகளும் விளிம்புகளும் முத்திரைகளும் யாருக்கோ அடிபட்ட பிறகு சேர்ந்தவை. ஒரு ரைஃபிள் நூறு வயதானது என்பதால் மட்டும் ஆபத்தானதாகிவிடாது. நன்றாகப் பராமரித்த பல துப்பாக்கிகள் இன்றும் குறி தவறாமல் சுடுகின்றன. எந்த போல்ட் எந்த ரிசீவருக்கு (போல்ட்டைத் தாங்கும் உடற்பகுதிக்கு) உரியது, எந்தத் தோட்டா எந்தக் குழலுக்கானது என்ற கணக்கு கைமாறிக் கைமாறித் தொலைந்துபோவதுதான் பெரிய ஆபத்து. ராணுவத்தில் அந்தக் கணக்கை வைத்திருக்க ஆர்மரர் என்று, துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கத் தனி ஆளே உண்டு. துப்பாக்கி கிடங்கைவிட்டு வெளியே போகும்போது அவர் கூடப் போவதில்லை.

போல்ட் ஆக்‌ஷன் என்னும் இந்தப் பூட்டும் பொறி கதவுத் தாழ்ப்பாள் மாதிரிதான். கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் வெற்றுக்கூடு வெளியே விழும். முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா அறைக்குள் போகும். கைப்பிடியை மடக்கினால் லக் எனப்படும் புடைப்புகள் ரிசீவரின் பள்ளங்களில் போய் உட்கார்ந்து தாழ் விழும். ஆனால் வாயுவை அடைப்பது எஃகு அல்ல, தோட்டாவின் பித்தளைக் கூடு. சுட்ட கணத்தில் அது விரிந்து அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. பிரிட்டிஷ் .303 தோட்டாவுக்கு ஐரோப்பிய விதிப்படி அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 3,650 பார். ஜெர்மானிய 8 மி.மீ. மவுசர் தோட்டாவுக்கு 3,900 பார். காரின் டயருக்குள் இருப்பது இரண்டரை பார் அளவுதான். அந்தப் பித்தளை எங்கே பிடிமானமில்லாமல் நிற்கிறதோ, எங்கே கிழிகிறதோ, அங்கே எல்லாம் எஃகின் தலையில் வந்து விழும்.

பித்தளைக் கூடு வருவதற்கு முன்னாலேயே போல்ட் துப்பாக்கி வந்துவிட்டது. 1841இல் பிரஷியா ஏற்றுக்கொண்ட டிரைசே ஊசித் துப்பாக்கியில் தோட்டா காகிதத்தால் ஆனது. நீண்ட ஊசி ஒன்று காகிதத்தையும் மருந்தையும் துளைத்துக்கொண்டு போய் குண்டின் அடியில் இருந்த பிரைமரைக் குத்தும். 1866இல் கோனிக்கிரெட்ஸ் போரில் ஆஸ்திரியர்கள் நின்றுகொண்டு முன்வாய் வழியே மருந்து இடித்துக்கொண்டிருக்க, பிரஷியர்கள் படுத்தபடியே சுட்டார்கள். ஆனால் மூட்டுவாயில் வாயு கசிந்தது. அதே ஆண்டு பிரான்ஸ் கொண்டுவந்த ஷாஸ்போவில் ரப்பர் வளையம் வைத்து அடைக்கப் பார்த்தார்கள். சூட்டில் ரப்பர் கெட்டுப்போனது. உலோகக் கூடு வந்த பிறகுதான் இந்தத் தொல்லை தீர்ந்தது. 1871இல் வந்த மவுசர் 11 மி.மீ. கரிமருந்துத் தோட்டாவை ஒவ்வொன்றாகப் போட்டுச் சுடும் எளிய கருவி.

கணக்கையே மாற்றியது புகையில்லா மருந்து. 1884இல் பால் வியேல் அதை உருவாக்க, 1886இல் பிரான்ஸின் லெபல் ரைஃபிள் வந்தது. குண்டின் விட்டம் 8 மி.மீ.க்குச் சுருங்கியது, வேகம் கூடியது, அழுத்தமும் கூடியது. லெபலின் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் இன்னொரு குழாயில் வரிசையாக, ஒன்றின் மூக்கு அடுத்ததன் பின்புறத்தைத் தொட்டபடி கிடக்கும். பின்னாளில் கூர்முனைக் குண்டு வந்தபோது, அந்த முனை முன்னே இருக்கும் பிரைமரைக் குத்திவிடாமல் இருக்க, கூட்டின் அடித்தட்டில் வட்டமாக ஒரு பள்ளம் வெட்டினார்கள். அந்தப் பள்ளம் இல்லாத கூட்டில் கூர்முனைக் குண்டைப் பொருத்தி லெபலில் நிரப்புவது எவ்வளவு ஆபத்து என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டியும் லெபலில் கிடையாது. 1936இல் வந்த மாஸ்-36இலும் கிடையாது. சுடும் நேரம் வரை அறையைக் காலியாக வைத்திரு என்பதுதான் அந்த ராணுவத்தின் முறை. பழகிய சிப்பாய்க்கு அது போதும். இன்று அந்தத் துப்பாக்கியை எடுப்பவர் அந்தப் பழக்கத்தையும் சேர்த்து எடுத்தால்தான் போதும்.

பால் மவுசர் 1890களில் ஆண்டுக்கு ஆண்டு தன் ரைஃபிளைத் திருத்திக்கொண்டே போனார். 1893இல் ஸ்பெயினுக்குக் கொடுத்த மாடலில் ஐந்து தோட்டாக்களைக் கிளிப்போடு ஒரே அழுத்தில் நிரப்பலாம். 1898 ஜூலை 1 அன்று கியூபாவின் சான் ஹுவான் குன்றில் அமெரிக்கர்கள் அதன் எதிர்முனையில் நின்று அடிபட்டுத் தெரிந்துகொண்டார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் ஜெர்மனி ஏற்றுக்கொண்ட கெவேர் 98இல்தான் தொடக்கத்தில் சொன்ன மூன்றாவது லக், அகன்ற விளிம்பு, பெரிய வாயுத் துளைகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. 1893 முதல் 1896 வரையிலான மாடல்களுக்கும் 98க்கும் வெளித்தோற்றத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. உள்ளே இருக்கும் வித்தியாசம், பித்தளை கிழிந்த நாளன்று தெரியும். ஸ்பெயினில் பிற்காலத்தில் 1916 மாடல்களை, அதாவது 1893 வழிவந்த ஆக்‌ஷன்களை, 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாற்றினார்கள். குழல்மேல் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, கடையில் கிடைக்கும் முழு அழுத்தத் தோட்டாவை அதில் போடுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். அறையை மாற்றலாம், ஆக்‌ஷனின் வயதையும் வடிவத்தையும் மாற்ற முடியாது.

(அந்த மவுசரே 1901இல் தானியங்கித் துப்பாக்கி ஒன்றைச் சோதித்தபோது அது வெடித்து ஒரு கண்ணை இழந்தார். கண்ணாடி அணியாமல் பழைய துப்பாக்கியைச் சுட வருபவர்களுக்கு இதை நினைவூட்டுவது நல்லது.)

அமெரிக்கர்கள் மவுசரின் வடிவத்தைத் தழுவி 1903இல் ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளைச் செய்தார்கள். காப்புரிமைக்காக 2 லட்சம் டாலர் கட்டினார்கள். மூன்றாவது லக்கை வைத்துக்கொண்டார்கள், அகன்ற விளிம்பை விட்டுவிட்டார்கள். அறையின் வாய் கூம்பாகக் குடையப்பட்டதால் பித்தளையின் அடிப்பகுதி கொஞ்சம் பிடிமானமில்லாமல் நின்றது. இவை எல்லாம் இருந்தும் துப்பாக்கி நன்றாகவே ஓடியது. 1917இல் அமெரிக்கா போரில் இறங்கி உற்பத்தியை முடுக்கிய நேரத்தில்தான் சில ரைஃபிள்கள் சுடுபவர்களின் கையிலேயே சிதறின. ரிசீவர் வளையவில்லை, விரியவில்லை. பீங்கான் கோப்பைபோலத் துண்டு துண்டாக உடைந்தது.

விசாரணை போய் நின்ற இடம் கொல்லுலை. எஃகைச் சூடாக்கி அடித்து வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்கள் பல்லாண்டு அனுபவசாலிகள். இரும்பு சரியான சூட்டுக்கு வந்துவிட்டதா என்பதை அதன் நிறத்தைப் பார்த்தே சொன்னார்கள். வெப்பமானியைக் கொண்டுவந்து அளந்து பார்த்தபோது, வெயில் பளிச்சென்று அடிக்கும் நாளில் அந்தக் கண்ணுக்குச் ‘சரியான நிறம்’ என்று பட்டது, மேகமூட்டமான நாளில் பட்டதைவிட 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை அதிகமாக இருந்தது. பட்டறை வெளிச்சமாக இருந்தால் பழுத்த இரும்பு மங்கலாகத் தெரியும், அதனால் இன்னும் சூடாக்குவார்கள், எஃகு கருகிவிடும். கருகிய எஃகு வெளியே பார்க்க அழகாக, கடினமாக இருக்கும். சுத்தியலால் தட்டினால் உடையும். இந்த வரலாற்றைப் பதிவு செய்தவர் அமெரிக்க ராணுவத் தளவாடப் பிரிவின் அதிகாரி ஜூலியன் ஹாட்சர். நேர்மையாக வேலை செய்த கைகளையும், ஜன்னல் வழியே வந்த வெயிலையும், ஒரு சிப்பாயின் முகத்தில் பாய்ந்த எஃகுத் துண்டையும் ஒரே கோட்டில் இணைக்கும் இந்த விவரத்தைப் படித்ததிலிருந்து என்னால் மறக்க முடியவில்லை.

1918இல் வெப்பப் பதப்படுத்தும் முறையை மாற்றினார்கள். ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் வரிசை எண் 8,00,000க்கும், ராக் ஐலண்டு ஆலையில் 2,85,507க்கும் முந்தையவை ‘குறைந்த எண்’ ரைஃபிள்கள் என்று பெயர் பெற்றன. மறுபடி பதப்படுத்திச் சரிசெய்ய முயன்று பார்த்தார்கள். கருகிய எஃகு திரும்பவில்லை. 1928இல், கிடங்குக்குத் திரும்பி வரும் குறைந்த எண் ரைஃபிள்களை மறுபடி வழங்குவதில்லை என்று முடிவானது. அவற்றில் பெரும்பாலானவை ஒருபோதும் உடைந்ததில்லை என்பதும் உண்மை. ஹாட்சரின் பட்டியலில் 1917 முதல் 1929 வரை உடைந்தவை 68. செய்யப்பட்டவை பத்து லட்சத்துக்கும் மேல். உடைந்தவற்றில் பலவற்றுக்கு உடனடிக் காரணம் வேறு: மோசமான பித்தளை, குழலில் அடைப்பு, அல்லது ஜெர்மானிய 8 மி.மீ. தோட்டாவை ஸ்பிரிங்ஃபீல்டின் .30-06 அறையில் தவறாகப் போட்டது. அந்தத் தோட்டாவின் கூடு குட்டையானது என்பதால் அறைக்குள் போய்விடும்; ஆனால் குண்டு குழலைவிடப் பருமன். நல்ல ரிசீவர் இப்படிப்பட்ட தவறை ஒருமுறை மன்னிக்கும். கருகிய ரிசீவர் மன்னிக்காது. எது கருகியது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வழியில்லை என்பதால், குறைந்த எண் ஸ்பிரிங்ஃபீல்டைச் சுவரில் மாட்டி வைப்பதுதான் சரி என்பது என் கருத்து. ‘இத்தனை நாள் சுட்டேன், ஒன்றும் ஆகவில்லை’ என்பது அந்த 68 பேரில் பலரும் முந்தின நாள் வரை சொல்லியிருக்கக்கூடிய வார்த்தை.

இதற்கு நேர்மாறான கதை கனடாவின் ராஸ் ரைஃபிள். சர் சார்ல்ஸ் ராஸ் செய்த இதன் மூன்றாம் மார்க் (மூன்றாம் வடிவம்), எஃகின் வலிமையில் அந்தக் காலத்தில் முன்வரிசை. கைப்பிடியைத் தூக்க வேண்டாம். நேராக இழுத்து நேராகத் தள்ளினால் போதும், போல்ட்டின் தலை மரைபோன்ற வரிகளில் தானே திரும்பிப் பூட்டிக்கொள்ளும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் இப்ரஸ் அகழிகளில் சேறும் சூடும் சேர்ந்து அதைச் சிக்கவைத்தன. கைப்பிடியைப் பூட்ஸ் காலால் உதைத்துத் திறந்தார்கள் கனடியச் சிப்பாய்கள். விழுந்துகிடந்த பிரிட்டிஷ்காரரின் லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொண்டு ராஸைத் தூக்கிப்போட்டார்கள். அதைவிட மோசம், போல்ட்டைப் பிரித்துத் துடைத்துவிட்டு மறுபடி கோக்கும்போது தலையைத் தவறான திசையில் திருப்பிக் கோத்துவிடலாம். அப்படிக் கோத்த போல்ட் உள்ளே போகும், மூடிக்கொள்ளும், விசையை இழுத்தால் சுடும். பூட்டியிருக்காது. முழுப் போல்ட்டும் சுடுபவரின் முகத்தை நோக்கிப் பின்னால் வரும். பிறகு தவறாகக் கோக்க முடியாதபடி ஓர் ஆணியைச் சேர்த்தார்கள். இன்று கையில் கிடைக்கும் ராஸில் அந்த ஆணி இருக்கிறதா, இருந்தாலும் போல்ட் சரியாகக் கோக்கப்பட்டிருக்கிறதா, மூடும்போது தலை உண்மையிலேயே திரும்பிப் பூட்டுகிறதா என்பதைத் தெரிந்தவர் ஒருவர் பார்த்துச் சொல்லாமல் தோட்டாவைத் தொடவே கூடாது.

‘த்ரீ நாட் த்ரீ’ என்று தமிழ் வாசகர்களுக்குப் பழகிப்போன லீ-என்ஃபீல்டின் பிரச்சினை வேறு வகை. 1895இல் தொடங்கி, 1907இன் மூன்றாம் மார்க், 1939இன் நான்காம் எண் என்று அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிய வடிவம் இது. மவுசரின் லக்குகள் முன்னால், தோட்டாவுக்கு மிக அருகில் இருக்கும். லீ-என்ஃபீல்டில் அவை பின்னால் இருக்கின்றன. அதனால் போல்ட்டைச் சட்டென்று இழுக்கலாம். சேறு பட்டாலும் சிக்காது. ஆனால் சுடும்போது போல்ட்டும் ரிசீவரும் சற்று நெகிழும். அந்த நெகிழ்வு பித்தளையை நீட்டும்.

இங்கேதான் ஹெட்ஸ்பேஸ் என்ற சொல் வருகிறது. மூடிய போல்ட்டின் முகத்துக்கும், அறைக்குள் தோட்டா தடுத்து நிற்கும் இடத்துக்கும் நடுவில் உள்ள தூரம்தான் அது. .303இல் தோட்டா தன் அடியில் உள்ள விளிம்பால் நிற்கிறது. ராணுவ அளவுப்படி அந்த இடைவெளி 0.064 அங்குலத்துக்குக் குறையவும் கூடாது, 0.074ஐத் தாண்டவும் கூடாது. நான்காம் எண் ரைஃபிளில் போல்ட்டின் தலையைக் கழற்றி மாற்றலாம்; 0, 1, 2, 3 என்று எண் பொறித்த நான்கு அளவுகள் உண்டு. தேய்மானம் ஏற ஏற ஆர்மரர் அடுத்த அளவைப் போடுவார். போல்ட்டின் கைப்பிடியில் ரைஃபிளின் வரிசை எண்ணைப் பொறித்ததும் இதற்காகத்தான். கப்பல் கப்பலாக உபரித் துப்பாக்கிகள் விற்பனைக்குப் போனபோது பல இடங்களில் போல்ட்டுகளைத் தனியே கழற்றிப் பீப்பாயில் கொட்டி, பிறகு கைக்கு வந்ததைச் செருகினார்கள். எண் பொருந்தாத போல்ட் எல்லாமே ஆபத்து என்று சொல்ல மாட்டேன். ஆனால் அளந்து பார்க்காதவரை அது ஒரு கேள்விக்குறிதான்.

இந்த இடைவெளி கூடிப்போனதைச் சுட்ட கூடே காட்டிக்கொடுக்கும். விளிம்புக்குச் சற்று மேலே பித்தளையைச் சுற்றி மெல்லிய, பளபளப்பான ஒரு வளையம் தெரிகிறதா பாருங்கள். கம்பி ஒன்றின் நுனியை வளைத்துக் கூட்டுக்குள் விட்டு உட்சுவரை மெதுவாக உரசிக்கொண்டு வந்தால், அதே இடத்தில் பள்ளம் ஒன்று நகத்தில் தட்டுவதுபோல் தட்டும். பித்தளை அங்கே நீண்டு மெலிந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த முறை, அல்லது அதற்கடுத்த முறை, கூட்டின் அடி மட்டும் கழன்று வரும். மீதிக் குழாய் அறையிலேயே நின்றுவிடும். ராணுவ அறைகள் சேற்றிலும் தோட்டா போக வேண்டும் என்று தாராளமாகக் குடையப்பட்டவை. ஆகவே ஒருமுறை சுட்ட பித்தளையை மறுபடி நிரப்புபவர்கள் இந்தச் சோதனையைத் தவறவிடக் கூடாது.

தோட்டாக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் 8 மி.மீ. என்பது ஒரே அளவு அல்ல. 1888இன் குண்டு ஏறத்தாழ 8.1 மி.மீ. விட்டம், 1905இல் வந்த ‘எஸ்’ குண்டு 8.2 மி.மீ. பழைய குறுகிய குழலில் புதிய பருத்த குண்டைச் சுட்டால் அழுத்தம் எகிறும். மாற்றியமைத்த ரைஃபிள்களின் ரிசீவர் மீது எஸ் என்ற எழுத்தைப் பொறித்தார்கள். அந்த எழுத்து இருந்தாலும் குழலை அளந்து பார்ப்பதே நல்லது. 1888 மாடல்கள் பல நாடுகளில் பல கைகளில் மாற்றப்பட்டவை.

பழைய ராணுவத் தோட்டாக்களின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தபின் குழலில் படிவது பொட்டாசியம் குளோரைடு, நம் சமையல் உப்பின் உறவுக்காரன். காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு ஓரிரு நாளில் குழலைத் துருப்பிடிக்க வைக்கும். எண்ணெய் அதைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். அதனால்தான் பிரிட்டிஷ் சிப்பாய்கள் புனலை வைத்துக் குழலுக்குள் கொதிநீர் ஊற்றினார்கள். பிறகு உலர்த்தி எண்ணெய் போட வேண்டும். கூட்டின் கழுத்தில் விரிசலோ பச்சைக் களிம்போ இருந்தாலும், குண்டைக் கழற்றிப் பார்க்கும்போது மருந்தில் புளித்த அமில வாடை வந்தாலும் அந்தப் பெட்டியை அப்படியே ஒதுக்கிவிடுங்கள். விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் துப்பாக்கியை இலக்கை நோக்கியே பிடித்துக்கொண்டு குறைந்தது 30 விநாடி காத்திருக்க வேண்டும்; பழைய பிரைமர் தாமதமாகப் பற்றுவது உண்டு. வழக்கத்தைவிட மெல்லிய சத்தத்தோடு வெடித்தால் உடனே நிறுத்திக் குழலுக்குள் பார்க்க வேண்டும். குண்டு பாதியில் நின்றிருந்தால், அதன் பின்னால் இன்னொன்றைச் சுடுவதைவிடப் பெரிய பிழை கிடையாது.

கிடங்குகளில் பல பத்தாண்டுகள் கிடந்த ரஷ்ய மோசின்-நகான்ட் ரைஃபிள்கள் கெட்டிக் கிரீஸில் தோய்ந்து வருகின்றன. அறையிலும் போல்ட்டுக்குள்ளும் உறைந்த அந்தக் கிரீஸ் முழுக்கப் போக வேண்டும். அறையில் எஞ்சியது பித்தளையை வழுக்கவிட்டுப் போல்ட்டின் மேல் சுமையைக் கூட்டும், போல்ட்டுக்குள் எஞ்சியது ஃபயரிங் பின்னை மந்தமாக்கும். பிரித்துச் சுத்தம் செய்து மறுபடி கோத்தபின் ஃபயரிங் பின் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். சிப்பாய்க்குக் கொடுத்த திருப்புளியிலேயே 75, 95 என்று இரண்டு வெட்டுகள் இருக்கும். அங்குலத்தில் ஆயிரத்தில் அத்தனை பங்கு. பின்னின் முனை 95ஐ உரசாமல் போக வேண்டும், 75இல் உரச வேண்டும். அதிகம் நீண்டால் பிரைமரைத் துளைத்துவிடும். மோசினின் சேஃப்டியையும் சொல்லிவிடுகிறேன்: பின்னால் உள்ள குமிழைக் கனத்த ஸ்பிரிங்குக்கு எதிராக இழுத்து இடப்பக்கம் திருப்ப வேண்டும். குளிரில் விறைத்த கையோடு சிப்பாய்கள் அதைச் செய்தார்கள் என்பது ஆச்சரியம்தான். கை வழுக்கினால் என்ன ஆகும் என்பதால், அறையைக் காலி செய்துவிடுவதே மேல்.

சுடவே கூடாதவை என்று ஒரு வகை உண்டு. பிரிட்டிஷ் வழிவந்த ரைஃபிள்களில் டி.பி. என்ற முத்திரை இருந்தால் அது பயிற்சி அணிவகுப்புக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டது. தேய்ந்ததோ பழுதானதோ என்று ஓர் ஆர்மரர் பார்த்துத் தள்ளிவிட்டது. முத்திரையை அரத்தால் தேய்த்துவிட்டு, புது போல்ட் போட்டு விற்றவர்களும் உண்டு. ஜப்பானியப் பயிற்சித் துப்பாக்கிகள் இன்னும் ஏமாற்றக்கூடியவை. அசல் அரிசாகாவின் டைப் 38 ஆக்‌ஷன் வலிமைக்குப் பேர்போனது. அமெரிக்கத் துப்பாக்கி வல்லுநர் பி. ஓ. ஆக்லி வேண்டுமென்றே ஆக்‌ஷன்களை உடைத்துப் பார்த்த சோதனைகளில் அதுதான் எல்லாவற்றையும்விடத் தாங்கியது. அதே வடிவில் பள்ளி மாணவர்களுக்காகச் செய்யப்பட்ட பயிற்சித் துப்பாக்கிகளில் வார்ப்பிரும்பு ரிசீவர், வரியில்லாத குழல். குண்டில்லாத வெற்றுத் தோட்டாவுக்கு மேல் எதையும் அது தாங்காது. தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தெரியும்.

துப்பாக்கியை டயரில் கட்டி, விசையில் நீளக் கயிறு கட்டித் தூரத்திலிருந்து இழுத்துப் பார்ப்பது பலர் செய்யும் சோதனை. முதல் வெடியிலேயே சிதறக்கூடியதை அது பிடிக்கும். ஐம்பதாவது வெடியில் சிதறப்போவதைப் பிடிக்காது. அதற்கு முன் செய்ய வேண்டியவை மெதுவான வேலைகள். குழலுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்ப்பது, போல்ட்டின் எண்ணையும் ரிசீவரின் எண்ணையும் ஒப்பிடுவது, லக்குகளின் வேரில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்ப்பது, கட்டைக்குள் மறைந்திருக்கும் குழலின் அடிப்புறத்தைத் துருவுக்காகப் பார்ப்பது, கடைசியாக, கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரையும் அதைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரையும் கழற்றிவிட்டு, ஹெட்ஸ்பேஸ் கேஜை (அளவுகோலை) அறையில் வைத்துப் போல்ட்டை ஒரே விரலால் மெல்ல மடக்குவது. குறைந்தபட்ச அளவைக் காட்டும் முதல் கேஜில் போல்ட் மூட வேண்டும். அதிகபட்ச அளவைக் காட்டும் இரண்டாவதில் பாதியில் நிற்க வேண்டும். அங்கே அது நிற்காமல் கீழே இறங்கினால், துப்பாக்கி எவ்வளவு அழகாக இருந்தாலும், எத்தனை போர் பார்த்ததாக இருந்தாலும், தோட்டாப் பெட்டியை மூடி வைத்துவிட்டுத் துப்பாக்கி மெக்கானிக்கைத் தேடிப் போக வேண்டியதுதான்.